வீட்டுல மூணு பிள்ளை, மூணும் வேற வேற வயசு: ஹோம்ஸ்கூலுக்கு எந்த பாடத்திட்டம் எடுக்கது? அடிக்கடி கேட்கிற கேள்விகள்

பிள்ளைங்களை வீட்டுல வச்சே படிக்க வைக்கிறோம்னு தெரிஞ்சதுல இருந்து கல்யாண வீடு, சர்ச் வாசல், போன்னு எங்க போனாலும் ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் வருது. தக்கலையில இருந்து கேக்கிறவங்களும் மார்த்தாண்டத்துல இருந்து கேக்கிறவங்களும் கிட்டத்தட்ட ஒரே வார்த்தையில கேக்கிறாங்க. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உட்கார்ந்தேன். கேள்விகளை அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். மேல இருந்து கீழ வரிசையா படிச்சா நல்லது, ஏன்னா பின்னாடி வர்ற பதில் நிறைய முன்னாடி சொன்னதை நம்பித்தான் இருக்கு.

அக்கா, முதல்ல இதைச் சொல்லுங்க, பிள்ளைய ஸ்கூலுக்கு விடாம வச்சிருந்தா கேஸ் ஆகுமா?

2009ல வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறையில இருக்கு. 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும் பிள்ளைங்களுக்கு இலவசமா கல்வி கொடுக்கது அரசாங்கத்தோட கடமைன்னு அது சொல்லுது. அதே சட்டத்துல பத்தாவது பிரிவு, பிள்ளைய பள்ளியில சேர்க்கது பெத்தவங்க கடமைன்னும் சொல்லுது. ஆனா சேர்க்காத பெத்தவங்களுக்கு தண்டனைன்னு அந்தச் சட்டத்துல எதுவும் எழுதல. வீட்டுக்கல்வின்னு தனியா அனுமதி கொடுக்கிற பிரிவும் அதுல இல்ல, பேரைச் சொல்லி தடுக்கிற பிரிவும் இல்ல.

நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 2011 சென்சஸ்ல எழுத்தறிவுல தமிழ்நாட்டுலயே முதல் இடம், 91.75 சதவீதம். அதனால ஒரு பிள்ளை ஸ்கூலுக்கு போகலன்னா அக்கம்பக்கத்துல சீக்கிரம் கண்ணுல படும், பள்ளி செல்லாத பிள்ளைங்க கணக்கெடுப்புக்கு வர்ற டீச்சர்மாரும் வீட்டுக்கு வருவாங்க. அவங்ககிட்ட மறைக்காதீங்க, சண்டையும் போடாதீங்க. பிள்ளைங்க எழுதின நோட்டு, படிச்ச புக்கு லிஸ்ட், வரைஞ்சது எல்லாத்தையும் தேதி போட்டு ஒரு ஃபைல்ல வச்சிருந்து எடுத்துக் காட்டுங்க. அந்த ஃபைலு பின்னாடி வேற விஷயத்துக்கும் உதவும், கீழ சொல்றேன்.

கரிகுலம் கரிகுலம்னு சொல்றீங்களே, அது புக்கா, கோர்ஸா, என்னது?

மூணு விஷயத்தை எல்லாரும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறாங்க. எந்த வயசுல என்ன தெரியணும்னு இருக்கிற பட்டியல் ஒண்ணு, அதுதான் பாடத்திட்டம். அதைச் சொல்லிக்குடுக்க வச்சிருக்கிற புக்கு, வீடியோ, ஒர்க்ஷீட் எல்லாம் ரெண்டாவது. எப்படி சொல்லிக்குடுக்கோம்ங்கிற முறை மூணாவது, மாண்டிசோரின்னு சொல்றாங்களே அந்த மாதிரி.

காசு கொடுத்து வாங்குறது பெரும்பாலும் ரெண்டாவதுதான். பட்டியல் சும்மாவே கிடைக்கும். தமிழ்நாடு அரசோட சமச்சீர் பாடப்புத்தகமும் மத்திய அரசோட என்சிஇஆர்டி புத்தகமும் பிடிஎஃப்பா இலவசமா எடுத்துக்கலாம். அதனால வாங்குறதுக்கு முன்னாடி நமக்கு இந்த மூணுல எது இல்லன்னு பாருங்க.

எனக்கு மூணு பேரு, 5, 9, 13 வயசு. மூணு பேருக்கும் மூணு செட்டு வாங்கணுமா?

வாங்காதீங்க. இது ஒண்ணைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுறேன்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு கிளாஸுக்கும் தனித்தனியா முழு செட்டு எடுத்தா ஒரு பிள்ளைக்கு அஞ்சு பாடம், மூணு பேருக்கு பதினஞ்சு பாடம். அதை தினமும் நடத்த ஒரு அம்மாவால முடியாது, சோறு பொங்கணும், துணி துவைக்கணும், நிறைய பேரு வேலைக்கும் போறாங்க. முதல் மாசம் நல்லா ஓடும், அப்புறம் ஒவ்வொண்ணா விட்டுப்போகும், கடைசியில பிள்ளைங்க மேலதான் எரிச்சல் வரும்.

பிள்ளையோட கிளாஸைப் பாத்து பாடத்திட்டம் எடுக்கிறதை விட, சொல்லிக்குடுக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உண்மையிலேயே இருக்குன்னு பாத்து எடுங்க. எங்க வீட்டுல சமையல் முடிஞ்சு மத்தியானம் வரைக்கும்தான் என் நேரம். அந்த நேரத்துக்குள்ள அடங்காத திட்டம் எவ்வளவு பேரு பெத்ததா இருந்தாலும் எங்களுக்கு வேண்டாம்னு வச்சுட்டோம்.

முந்தினது தெரிஞ்சாதான் அடுத்தது புரியும்னு ஒண்ணு மேல ஒண்ணா கட்டி நிக்கிற பாடம் ரெண்டுதான், எழுத்துவாசிப்பும் கணக்கும். அது ரெண்டும் ஆளுக்கு ஆள் தனி. அறிவியல், சமூகம், கதை, பாட்டு, படம் வரையறது, தோட்டம் எல்லாம் மூணு பேரும் ஒண்ணா உட்கார்ந்து ஒரே தலைப்பு எடுக்கலாம், வேலை மட்டும் வயசுக்குத் தக்க மாறும்.

ஒரே தலைப்பை 5 வயசுக்கும் 13 வயசுக்கும் எப்படி நடத்த முடியும்? பெரியவளுக்கு போர் அடிக்காதா?

மழையை எடுத்துக்கோங்க. நம்ம மாவட்டத்துக்கு தென்மேற்கு பருவமழையும் உண்டு, வடகிழக்கு பருவமழையும் உண்டு, ஜூன்லயும் நனைவோம் அக்டோபர்லயும் நனைவோம். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலோட மேல் பாகத்தை வெட்டி, அதைத் தலைகீழா திருப்பி பாட்டிலுக்குள்ளயே புனல் மாதிரி வச்சிடுங்க. பாட்டிலோட அடி மேடுபள்ளமா இருக்கும்லா, அதனால கொஞ்சம் கூழாங்கல் போட்டு அது மூடுற வரைக்கும் தண்ணி ஊத்தி, அந்த மட்டத்துல கோடு போட்டு அதை சைபர்னு வச்சுக்கணும். அதுக்கு மேல ஸ்கேலை டேப் போட்டு ஒட்டி, மரத்து நிழல் படாத முத்தத்துல வைங்க. தினமும் காலையில எட்டரைக்கு பாக்கணும், வானிலைத் துறையும் அந்த நேரத்துக்குத்தான் அளக்கிறாங்க. பாத்ததும் எழுதிட்டு தண்ணியை திரும்ப சைபர் கோட்டுக்கு கொண்டு வரணும்.

சின்னவன் காலண்டர்ல மழை பெய்த நாளுக்கு நீலம், வெயில் நாளுக்கு மஞ்சள் அடிப்பான், எண்ணிச் சொல்லுவான். நடுப்பிள்ளை மில்லிமீட்டர்ல எழுதி பட்டை வரைபடம் போடுவா. பெரியவ வாராந்திர சராசரி எடுத்து, பேப்பர்ல வர்ற பேச்சிப்பாறை அணை நீர்மட்டத்தையும் பக்கத்துல எழுதி, ரெண்டும் ஒண்ணா ஏறுதா, இல்ல அணை பிந்தி ஏறுதான்னு பாப்பா. மேற்குத் தொடர்ச்சி மலை மழையை எப்படி நிறுத்துது, ஆரல்வாய்மொழி கணவாய்ல மட்டும் ஏன் அவ்வளவு காத்து, அங்க ஏன் காத்தாலை வச்சாங்கன்னு அதுல இருந்தே போயிடும். அவளுக்கு போர் அடிக்க நேரமே இருக்காது.

சமூகத்துக்கும் அப்படித்தான். பத்மநாபபுரம் அரண்மனைக்கு கூட்டிட்டு போனா சின்னவனுக்கு மரவேலையும் கருப்பா பளபளன்னு இருக்கிற தரையும் போதும். நடுப்பிள்ளைக்கு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா, 1741 குளச்சல் போர், அதுல பிடிபட்டு அப்புறம் ராஜாவோட படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனிக்காரர் டி லனாய் கதை. அவரோட கல்லறை பக்கத்துல உதயகிரி கோட்டைக்குள்ளதான் இருக்கு. பெரியவகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: தமிழ்நாட்டுக்குள்ள இருக்கிற இந்த அரண்மனையை ஏன் கேரள தொல்லியல் துறை பாக்குது? அதைத் தேடிப் போனா திருவிதாங்கூர், எல்லைப் போராட்டம், அதை நடத்தின மார்ஷல் நேசமணி, நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்த 1956 நவம்பர் 1, மொழிவாரி மாநிலம்னு எட்டாம் கிளாஸுக்கு மேல உள்ளதே வந்திடும்.

சமச்சீரா, என்சிஇஆர்டியா, இல்ல வெளிநாட்டுல இருந்து வர்ற பாக்ஸ் செட்டா? எது கொள்ளாம்?

பெரிய பிள்ளை பத்தாம் கிளாஸ் எந்த வழியில எழுதப் போகுதுன்னு முதல்ல யோசிங்க, பதில் அதுல இருந்து வரும். தமிழ்நாடு போர்டுல தனித்தேர்வரா, அதாவது ஸ்கூல்ல சேராம நேரா பரீட்சை மட்டும், எழுதணும்னா சமச்சீர்தான் முதுகெலும்பு. வேற வழின்னா அந்த வழிக்கு உரிய புக்கு. 10 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு எது எடுத்தாலும் ஒண்ணும் குடி முழுகிடாது.

சமச்சீர் புத்தகத்துல எனக்கு பிடிச்சது, தமிழ்ப் பாடமும் நம்ம ஊரு உதாரணங்களும், பக்கத்துல இருக்கிற கியூஆர் கோடை திக்ஷா ஆப்ல ஸ்கேன் பண்ணா வர்ற வீடியோவும். என்சிஇஆர்டி சின்ன கிளாஸ் கணக்குப் புத்தகம் யோசிக்க வைக்கும், 2023ல இருந்து புதுசு புதுசா மாத்திட்டு வர்றாங்க, அதனால பழைய புக்கு இரவல் வாங்கும்போது எந்த வருஷத்துதுன்னு பாத்துக்கோங்க. நாங்க தமிழும் சமூகமும் சமச்சீர்ல, சின்னவங்க கணக்கு என்சிஇஆர்டில எடுக்கோம், கலந்து எடுத்தா யாரும் கேக்க மாட்டாங்க.

வெளிநாட்டு பாக்ஸ் செட்டு பாக்க அழகா இருக்கும், என்னைக்கு என்ன பக்கம்னு எல்லாம் எழுதியே வரும். ஆனா அதுல டாலர், இஞ்ச், பனி, அவங்க ஊரு சரித்திரம்தான் இருக்கும், கப்பல் செலவும் சேரும். ரொம்ப ஆசைன்னா வாசிப்புக்கு மட்டும் ஒண்ணு வாங்குங்க, மொத்த செட்டு வேண்டாம்.

பெரியவளுக்கு கணக்கு சொல்லும்போது கடைக்குட்டி வந்து மடியில ஏறுறான், என்ன செய்ய?

கடைக்குட்டியோட பாடத்தை முதல்ல முடிச்சிடுங்க. 5 வயசுக்கு எழுத்தும் எண்ணும் இருபது நிமிஷம் போதும், அவனை முதல்ல பக்கத்துல வச்சு வயிறு நிறைஞ்ச மாதிரி கவனிச்சுட்டா அப்புறம் தானா விளையாடப் போவான். பாட நேரத்துக்கு மட்டும் எடுக்கிற சாமான் ஒரு டப்பா வைங்க, புளியங்கொட்டை, சோழி, களிமண், பழைய பூட்டு சாவி. மத்த நேரம் அது அலமாரிக்கு மேல இருக்கணும், அப்பத்தான் ஆசை இருக்கும்.

இன்னொண்ணு, நடுப்பிள்ளை தினமும் தம்பிக்கு ஒரு கதை வாசிச்சுக் காட்டட்டும். ஸ்டோரிவீவர்ங்கிற வெப்சைட்டுல தமிழ் கதைகள் நிலை வாரியா இலவசமா இருக்கு. அவளுக்கு வாசிப்பு பழகும், இவனுக்கு கதை, உங்களுக்கு பெரியவகூட உட்கார நேரம். ஆனா தம்பி தங்கச்சியைப் பாக்கிறதே பெரிய பிள்ளையோட படிப்பா ஆகிடக் கூடாது, முக்கியமா பொம்பளைப் பிள்ளைங்க விஷயத்துல இதை ரொம்ப கவனமா பாருங்க.

என் பையனுக்கு 9 வயசு, வாசிப்பு ரெண்டாம் கிளாஸ் அளவு, கணக்கு அஞ்சாம் கிளாஸ் அளவு. எந்த கிளாஸ் புக்கு வாங்க?

வாசிப்புக்கு ரெண்டாம் கிளாஸ், கணக்குக்கு அஞ்சாம் கிளாஸ். வீட்டுல படிக்கிறதோட பெரிய லாபமே இதுதான், ஒரே பிள்ளை ரெண்டு கிளாஸ்ல இருக்கலாம். அட்டையில கிளாஸ் நம்பர் இருக்கிறது அவனை வருத்துச்சுன்னா காகிதம் ஒட்டி மறைச்சிடுங்க.

இது நாம கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. நம்ம அரசுப் பள்ளிகள்ல ஒண்ணுல இருந்து நாலாம் கிளாஸ் வரை பிள்ளைங்களை கலந்து உட்கார வச்சு, ஏணிப்படி அட்டை வச்சு அவனவன் வேகத்துல ஏறுற செயல்வழிக் கற்றல் ரொம்ப வருஷம் நடந்துச்சு. ஆந்திராவுல ரிஷிவேலி பள்ளிக்காரங்க கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கினதுல இருந்து வந்தது அது. 2022ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துலயும் அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பாத்துத்தான் பிரிக்கிறாங்க. பக்கத்து அரசுப் பள்ளி டீச்சர் தெரிஞ்சவங்களா இருந்தா அந்தப் பயிற்சி நூலைக் கேட்டுப் பாருங்க.

நான் பத்து வரைக்கும்தான் படிச்சேன், என்னால முடியுமா?

அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் தாராளமா முடியும். ஆறு முதல் எட்டு வரை பிள்ளை படிக்கிறதுக்கு முந்தின நாள் நீங்க படிச்சா முடியும். அதுக்கு மேல கணக்கும் அறிவியலும் யாராவது டியூஷன் சொல்லிக்குடுக்கிறவங்க வேணும், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, படிச்சவங்க வீட்டுலயும் அப்படித்தான். கல்வித் தொலைக்காட்சி பாடங்களும் இருக்கு.

தமிழ்ல படிக்க வைக்கவா இங்கிலீஷ்லயா?

சின்னதுல தமிழ்ல, வாசிப்பு உறுதியான பிறகு இங்கிலீஷை பக்கத்துல கொண்டு வாங்க. பேசுற மொழியில எழுத்து படிஞ்ச பிள்ளை இன்னொரு மொழிக்கு சீக்கிரம் மாறும். விளவங்கோடு பக்கம் வீட்டுல மலையாளமும் கலந்து பேசுறவங்க ஒரு நேரத்துல ஒரு எழுத்து மட்டும் எடுங்க, மூணு அரிச்சுவடியை ஒண்ணா திணிக்க வேண்டாம்.

பத்தாம் கிளாஸ் பரீட்சைக்கு என்ன செய்ய? யாரு உட்கார விடுவாங்க?

ரெண்டு வழி நடைமுறையில இருக்கு. ஒண்ணு, தமிழ்நாடு அரசுத் தேர்வுத் துறையில தனித்தேர்வர். எட்டாம் கிளாஸ் தனித்தேர்வு பன்னிரண்டரை வயசு முடிஞ்சா எழுதலாம், பத்தாம் கிளாஸுக்கு பதினாலரை. பத்துல அறிவியல் 75 மார்க் எழுத்து, 25 செய்முறை, அந்த செய்முறைப் பயிற்சிக்கு பரீட்சைக்கு ரொம்ப முன்னாடியே தனியா பேர் பதிஞ்சு, சொல்ற பள்ளிக்கூடத்துல வகுப்புக்கு போகணும். இதைத்தான் நிறைய பேரு கடைசியில தெரிஞ்சு ஒரு வருஷத்தை விடுறாங்க, அறிவிப்பு பேப்பர்ல வரும், எட்டாம் கிளாஸ் வயசுல இருந்தே பாத்துட்டு இருங்க.

ரெண்டாவது என்ஐஓஎஸ், மத்திய அரசோட தேசிய திறந்தநிலைப் பள்ளி, 1989ல தொடங்கினது. பத்துக்கு 14 வயசு ஆகியிருக்கணும், குறைஞ்சது அஞ்சு பாடம் நாமளே தேர்ந்தெடுக்கலாம், ஏப்ரல்-மேயிலயும் அக்டோபர்-நவம்பர்லயும் பரீட்சை, ஒரு தடவை பதிஞ்சா அஞ்சு வருஷத்துக்குள்ள பாடம் பாடமா முடிச்சுக்கலாம். தமிழ்லயும் எழுதலாம். சின்னவங்களுக்கு அடிப்படைக் கல்வின்னு மூணு, அஞ்சு, எட்டாம் கிளாஸுக்கு சமமான நிலையும் வச்சிருக்காங்க. கணக்கு கஷ்டம்னு விட்டுட்டு வேற பாடம் எடுக்க அதுல வழி இருக்கு, ஆனா அப்புறம் பதினொண்ணுல கணக்கு குரூப் கதவு மூடிடும், யோசிச்சு விடுங்க. சிபிஎஸ்இல ஸ்கூல்ல சேராம நேரா போய் பத்து எழுத இங்க வழி இல்ல.

அப்போ என்ஐஓஎஸ் எடுத்தா நீட்டு, கவர்மெண்ட் வேலை எல்லாம் நடக்குமா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க

நீட்டுக்கு திறந்தநிலைப் பள்ளியில படிச்சவங்க உட்காரக் கூடாதுன்னு 2018ல விதி போட்டாங்க, அதே வருஷம் டெல்லி ஹைகோர்ட்டு அதைத் தள்ளிடுச்சு. ஆனா இயற்பியல், வேதியியல், உயிரியல், இங்கிலீஷ் எல்லாம் பன்னிரண்டுல இருக்கணும், அதனால பாடத் தேர்வை அப்பவே சரியா செய்யணும். தமிழ்நாட்டு அரசு வேலை, பதவி உயர்வுக்கு இந்த சர்டிபிகேட்டை சமமா எடுக்கிறதுல சிக்கல் எழுந்திருக்கு. மாநில அரசு வேலைதான் குறின்னா நான் யாருக்கும் தனித்தேர்வர் வழியைத்தான் சொல்லுவேன். பதினொண்ணுக்கு ரெகுலர் ஸ்கூல்ல சேர்க்க நினைச்சா, எந்த ஸ்கூலோ அங்க ஹெட்மாஸ்டர்கிட்ட ஒரு வருஷம் முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.

மக்ளே, அரசுப் பள்ளியில படிச்சா கிடைக்கிறதெல்லாம் போயிடுமே, அதை யோசிச்சியா?

இந்தக் கேள்வியை ஒரு பெரியம்மா கேட்டாங்க, இதுதான் எல்லாத்துலயும் கனமான கேள்வி. ஆறுல இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு 2020ல வந்துச்சு, அடுத்த வருஷம் இன்ஜினியரிங் மாதிரி படிப்புகளுக்கும் நீட்டினாங்க. காலேஜ் போற பொம்பளைப் பிள்ளைக்கு மாசம் 1000 ரூபாய் தர்ற புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறுல இருந்து பள்ளிப் படிப்பு கணக்கு உண்டு. அரசு வேலையில தமிழ் வழிக்காரங்களுக்கு உள்ள 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு முதல் வகுப்புல இருந்தே தமிழ் வழியில படிச்சதுக்கு பள்ளிச் சான்று கேப்பாங்க. வீட்டுல படிச்ச பிள்ளைக்கு இதெல்லாம் கிடைக்காது.

அதனால வசதி குறைஞ்ச வீட்டுக்காரங்க என்கிட்ட கேட்டா, அஞ்சாம் கிளாஸ் வரை வீட்டுல வைங்க, ஆறுல அரசுப் பள்ளியில சேருங்கன்னு வெளிப்படையா சொல்லுவேன். தமிழ் வழி சலுகை மட்டும் அதுல திரும்ப வராது, மத்தது கைக்கு வரும். அதுக்கு ஏத்த மாதிரி பாடத்திட்டமும் சமச்சீரா இருக்கட்டும்.

நடுவுல ஸ்கூலுக்கு திரும்ப விடணும்னா சேர்ப்பாங்களா? ஒரு பிள்ளைய மட்டும் விடலாமா?

14 வயசு வரைக்கும் அரசுப் பள்ளியில வயசுக்கு உள்ள கிளாஸ்ல சேர்க்கணும், பின்தங்கின பாடத்துக்கு சிறப்புப் பயிற்சி கொடுக்கணும்னு முதல்ல சொன்ன சட்டத்தோட நாலாவது பிரிவு சொல்லுது. முன்னாடி ஸ்கூல்ல இருந்த பிள்ளைன்னா டிசியும் எமிஸ் நம்பரும் (அரசு கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கிற அடையாள எண்) பத்திரமா வைங்க. அந்த தேதி போட்ட ஃபைலும் அப்போ டீச்சருக்கு பிள்ளை எங்க நிக்குதுன்னு காட்டும்.

ஒண்ணை ஸ்கூலுக்கும் ஒண்ணை வீட்டுலயும் வைக்கலாம், எத்தனையோ வீட்டுல அப்படித்தான். காரணத்தை ரெண்டு பேர்கிட்டயும் சொல்லுங்க, ஒருத்தனுக்கு தண்டனை ஒருத்தனுக்கு பரிசுன்னு தோணிடக் கூடாது.

வாங்கின செட்டு பிள்ளைக்கு ஒத்து வரல, வருஷ நடுவுல மாத்தலாமா?

சமூகம், அறிவியல்னா நாளைக்கே மாத்துங்க. கணக்குன்னா கொஞ்சம் பொறுங்க, ஒவ்வொரு புக்குலயும் வரிசை வேற, அடிக்கடி மாத்தினா பின்னம் ரெண்டு தடவை வரும், வகுத்தல் ஒரு தடவையும் வராம போயிடும். பிள்ளை அழுறது புக்கு சரியில்லாததாலயா, நிலை கூடிப்போனதாலயான்னு முதல்ல பாருங்க. அதே புக்குல ஒரு கிளாஸ் கீழ இறக்கிப் பாத்து அப்பவும் வரலன்னா மாத்துங்க.

9 வயசு தம்பி 12 வயசு அக்காவை கணக்குல முந்திட்டான், அவ புக்கைத் தொடவே மாட்டேங்கிறா. என்ன செய்ய?

ஒண்ணா உட்கார வைக்கிற வீட்டுல இது வரும், ஸ்கூல்ல தனித்தனி ரூம்ல இருக்கிறதால தெரியாது. கணக்கு நேரத்தை ரெண்டு பேருக்கும் பிரிச்சிடுங்க, அவன் காலையில, அவ சாயங்காலம், முடிஞ்சா வேற ரூம்ல. ரெண்டு பேருக்கும் வேற வேற புக்கு கொடுங்க, ஒருத்தருக்கு சமச்சீர் ஒருத்தருக்கு என்சிஇஆர்டின்னு, அப்போ எந்தப் பக்கத்துல யாருன்னு ஒப்பிட முடியாது. செட்டு வாங்காதீங்கன்னு மேல சொன்ன நானே இங்க ரெண்டு புக்கு எடுக்கச் சொல்றேன், கணக்கு தனின்னும் அங்கேயே சொல்லியிருக்கேன்.

அவ கணக்கை வேற பக்கமா திறக்கப் பாருங்க. தோவாளை பூச்சந்தையில கிலோ விலை எழுதிட்டு வந்து முழம் என்ன விலை விக்கலாம்னு போடச் சொல்லுங்க, ஏத்தங்காய் சிப்ஸுக்கு காய், எண்ணெய், கேஸ் கணக்கு போட்டு நூறு கிராம் என்ன அடக்கம்னு அவளே கண்டுபிடிக்கட்டும். எழுத்தோ எண்ணோ தலைகீழா மாறி வருது, எவ்வளவு சொன்னாலும் நிக்கல, ரொம்ப நாளா இப்படித்தான்னா, கற்றல் குறைபாடு இருக்கான்னு குழந்தைகள் டாக்டர்கிட்ட காட்டி பரிசோதிக்கிறதுக்கு தாமதிக்காதீங்க. சான்று இருந்தா தமிழ்நாடு போர்டுலயும் என்ஐஓஎஸ்லயும் பரீட்சைக்கு கூடுதல் நேரம் மாதிரி சலுகை கேக்கலாம், அதுக்கு விண்ணப்பம் பரீட்சைக்கு முன்னாடியே போகணும்.